கேன் தண்ணீரில் ஆடிய மீன்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டின தெருவில் ஏஞ்சலின் தன் வீட்டு வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டால், மூன்று வீடு தள்ளித் துணி காயப்போடுகிறவர்கள் பதில் சொல்வார்கள். குரல் அப்படி. அதை யாராவது குறையாகச் சொன்னால் அவளுக்குக் கோபம் வராது.

"கர்த்தர் எனக்கு வாய குடுத்தாரு, மூடி குடுக்க மறந்துட்டாரு. நான் இன்னா பண்ணட்டும்?" என்பாள்.

அந்த வாயால் அவள் தெருவுக்குச் சொல்லாத யோசனை கிடையாது. தயிர் உறையவில்லையா, தையல் மெஷின் நூலை அறுக்கிறதா, மருமகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறானா, எதற்கும் அவளிடம் ஒரு வழி இருக்கும். பாதி பலிக்கும். பலிக்காத பாதியை அடுத்த வாரம் அவளே சொல்லிச் சிரித்துவிடுவாள் என்பதால், யாரும் அவளிடம் கேட்பதை நிறுத்தவில்லை.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் அவளிடம் விளையாட்டு கிடையாது. காரணம் புருஷன் பாக்கியராஜ். அவர் ஒரு கம்பெனியில் பாய்லர் ஆபரேட்டர். பாய்லர்காரனுக்கு ஜென்ம விரோதி உப்புத் தண்ணீர். கொதிக்கக் கொதிக்க அது குழாய்க்குள் வெள்ளை வெள்ளையாகப் படியும். அதற்கு ஸ்கேல் என்று பெயர். ஸ்கேல் பிடித்தால் சூடு ஏறாது, கடைசியில் குழாயே வெடிக்கும். அதனால் ஒவ்வொரு ஷிப்டிலும் தண்ணீரை எடுத்து, மருந்து சொட்டி, ஹார்ட்னஸ் ஜீரோ என்று பார்த்த பிறகுதான் அவருக்கு நாஷ்டா இறங்கும். கல்யாணமான நாளிலிருந்து ஏஞ்சலின் கேட்டுவருவது இந்தக் கதையைத்தான். மற்ற புருஷர்கள் மேனேஜரைத் திட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். பாக்கியராஜ் ஸ்கேலைத் திட்டிக்கொண்டு வருவார்.

திட்டு தொற்றிக்கொள்ளும். ஏஞ்சலின் வீட்டு போர் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. வாளி, இட்லிக் குண்டான், ஹீட்டர் கம்பி எல்லாவற்றிலும் வெள்ளை ஏறும். அவள் பிழிந்த எலுமிச்சம்பழத் தோலை டப்பாவில் சேர்த்து வைத்துக்கொண்டு சனிக்கிழமைதோறும் தேய்ப்பாள். குடிக்கக் கேன் தண்ணீர். விருந்தாளி வந்தால் கை கழுவ போர் தண்ணீர், குடிக்கக் கேன் தண்ணீர். இதை மாற்றிக் கொடுத்தால் குடும்ப மானம் போய்விடும் என்று அவளுக்கு நிஜமாகவே எண்ணம்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் இளமதி மருமகளாக வந்தாள், பின்னாலேயே ஒரு மீன்தொட்டியும்.

இளமதி பொன்னேரிப் பக்கத்து ஊர். அப்பா சடையப்பனுக்கு நெல் வயல் உண்டு. ஏஞ்சலினின் மகன் குணாவும் அவளும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்துப் பழகி, பிறகு ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டார்கள். சடையப்பன் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. சில மாதம் கழித்து ஒரு காலை பால்வண்டிக்காரர் ஒரு பால் கேனைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். திறந்தால் உள்ளே பால் இல்லை. தண்ணீரும் ஆறு கறுப்பு மோலி மீனும் இருந்தன. அதில் பெரிதாக ஒன்று, வால் ஓரம் கிழிந்தது.

"எங்க நைனா தொட்டியில இருந்து," என்றாள் இளமதி. "பம்ப்செட்டாண்ட சிமெண்ட் தொட்டி கீது, அத்த. நான் சின்னதுல இருந்து வளத்ததுங்க."

சேதி ஒன்றும் சொல்லி அனுப்பவில்லையா என்று பால்வண்டிக்காரரிடம் கேட்டதற்கு, "மீன குடுத்துட்டு வான்னாரு, அவ்ளோதான்" என்றார். இளமதி பால் கேனைக் கட்டிக்கொண்டு அழுதாள். மறுநாள் குணா கண்ணாடித் தொட்டி வாங்கிவந்தான். அடியில் பழவேற்காட்டிலிருந்து கொண்டுவந்த கிளிஞ்சலை இளமதி பரப்பினாள். போர் தண்ணீரை ஒரு நாள் பிடித்துவைத்து, மறுநாள் ஊற்றினாள்.

"போர் தண்ணியா?" என்று ஏஞ்சலின் கேட்டதற்கு, "அதான் அத்த ஒத்துக்கும்" என்று மட்டும் சொன்னாள்.

மீன்களுக்கு ஒத்துக்கொண்டது. ஏஞ்சலினுக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. கண்ணாடியில் தண்ணீர் மட்டத்தில் வெள்ளையாக ஒரு கோடு ஏறிக்கொண்டிருந்தது. ஹாலில், டிவிக்குப் பக்கத்தில், வருகிற போகிறவர்கள் கண்ணில் படும்படி, ஸ்கேல்.

இந்த நிலையில் இளமதியின் தம்பி அன்புசெல்வனுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. அந்தச் சாக்கில் சடையப்பன் மகளைக் கூப்பிட்டுவிட்டார். நிச்சயம் முடிந்து, அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை அவரே கொண்டுவந்து விடுவார் என்றும் பேச்சு. முதல் தடவையாக அந்த வீட்டு ஆள் இந்த வாசப்படி ஏறப்போகிறார்.

கிளம்பும்போது இளமதி சொன்னது இதுதான்: "தீனி ஒரு சிட்டிகை போடுங்க அத்த, போதும். தண்ணிய மட்டும் தொடாதீங்க."

தொடாதீங்க என்ற அந்த ஒரு வார்த்தை ஏஞ்சலினின் நெஞ்சில் மீன் முள்ளாகச் சிக்கியது. போதாததற்கு இரண்டு நாளைக்கு முன்னால்தான் இளமதியின் அம்மா கெங்கம்மாள் போனில், "அந்த ஊரு தண்ணியில தலைக்கு ஊத்திக்காத, முடி கொட்டும்" என்று மகளிடம் சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது. அந்த ஊர் தண்ணீராமே! மீனைப் பார்க்கச் சடையப்பன் குனிவார். குனிந்தால் முதலில் கண்ணில் படுவது அந்த வெள்ளைக் கோடு. சம்பந்தி வீட்டுத் தண்ணீரின் யோக்கியதை கண்ணாடியிலேயே எழுதியிருக்கும்.

அன்று நைட் ஷிப்ட் முடித்து வந்த பாக்கியராஜ் காலையில் தட்டில் தலை கவிழ்ந்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஏஞ்சலின் கேட்டாள்: "யோவ், தண்ணியில ஹார்ட்னஸ் இருந்தா நல்லதா, கெட்டதா?"

"கெட்டது," என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். "ஜீரோ இருக்கணும்."

எந்தத் தண்ணீரில் என்று அவர் கேட்கவில்லை. எதற்குக் கேட்கிறாள் என்றும் கேட்கவில்லை. கேட்டால் அரைமணி நேரம் பதில் வரும் என்று தெரிந்த மனுஷன் ஏன் கேட்கப்போகிறார்?

சனிக்கிழமை ஏஞ்சலின் புடவையை இழுத்துச் செருகினாள். மீன்களைச் சட்டியில் மாற்றினாள். தொட்டியைக் காலி செய்து எலுமிச்சம்பழத் தோலால் கண்ணாடியைத் தேய்த்தாள். கோடு போயே போயிற்று. கிளிஞ்சலை வாளியில் கொட்டி அதன்மேலும் எலுமிச்சை பிழிந்தாள். புஸ்ஸென்று நுரைத்தது.

"பாரு மெர்சி, பாரு!" என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினாள். "எவ்ளோ அழுக்கு! நுரைச்சிக்கினு வருது பாரு. இதுமேலதான் அந்தப் புள்ளைங்க படுத்துக்கினு இருந்திருக்குது."

"மீனு படுக்குமாக்கா?"

"படுக்கலன்னா மட்டும் அழுக்க வுட்டு வெப்பியா?"

இத்தனை நுரைக்கிற சாமானைத் திரும்ப உள்ளே போடுவதாவது! கிளிஞ்சலில் பாதியைத் தன் மணிபிளாண்ட் தொட்டியைச் சுற்றி அடுக்கினாள், பாதியை மெர்சியிடம் கொடுத்தாள். மெர்சி அதைத் தன் துளசிச் செடிக்குப் போட்டுக்கொண்டாள்.

பிறகு மூன்று கேன் தண்ணீர் முழுசாகத் தொட்டிக்குள் போனது. கேன் போடுகிற பையன், "இன்னா ஆன்டி, விசேஷமா?" என்று கேட்டான். விசேஷம் இல்லாமல் என்ன? இந்த வீட்டில் நல்ல மனுஷர்களுக்குக் கொடுப்பது எதுவோ அதைத்தான் மீனுக்கும் கொடுக்கிறாள். தண்ணீர் பளிங்கு மாதிரி நின்றது. மீன்கள் நடுவில் நிற்பது அந்தரத்தில் நிற்கிற மாதிரி இருந்தது.

மறுநாள் சர்ச்சுக்குக் கிளம்பும்போது பார்த்தால், மீன்கள் ஆடின.

நிஜமாகவே ஆடின. இருந்த இடத்தைவிட்டு நகராமல், தலை முதல் வால் வரை இப்படியும் அப்படியும் நெளித்து நெளித்து, கல்யாண வேனில் பாட்டுப் போட்டதும் உட்கார்ந்த சீட்டிலேயே ஆடுவார்களே, அந்த மாதிரி. ஏஞ்சலினுக்குக் கண் கலங்கிவிட்டது. போனில் வீடியோ எடுத்தாள். சர்ச்சில் பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவில் இரண்டு பேருக்குக் காட்டினாள். மத்தியானம் மெர்சியை இழுத்துவந்து நேரிலேயே காட்டினாள்.

"இன்னாக்கா இது, நடுங்குறா மாதிரி கீது?"

"நடுக்கமாம்! போடி. இத்தினி நாளா உப்புல ஊறிக்கினு இருந்ததுங்க. நல்ல தண்ணிய பாத்த சந்தோஷம். நீ ஏசி ரூமுக்குப் போனா ஆடமாட்ட?"

மெர்சி ஏசி ரூமுக்குப் போனதில்லை. அதனால் தலையாட்டிவிட்டுப் போனாள்.

சந்தோஷம் திங்களும் நீடித்தது, செவ்வாயும் நீடித்தது. புதன்கிழமை ஆட்டம் குறைந்து, மீன்கள் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் கூடின. தீனி போட்டால் திரும்பிப் பார்க்கவில்லை. "சாப்டு சாப்டு ஆடுனதுல களைப்பு" என்று ஏஞ்சலின் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லும்போதே அது அவளுக்கே இறங்கவில்லை. வியாழன் காலை ஒரு குட்டி மீன் வயிறு மேலே தெரிய மிதந்தது. கிழிந்த வால் பெரியது அடியில் சாய்ந்து கிடந்து மூச்சு வாங்கியது.

ஏஞ்சலின் உட்கார்ந்துவிட்டாள். சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போடவில்லை என்பதாலேயே உள்ளே தூங்கிக்கொண்டிருந்த பாக்கியராஜ் எழுந்து வந்தார்.

"இன்னாடி ஆச்சு?"

நடந்ததைச் சொன்னாள். எலுமிச்சை, கிளிஞ்சல், கேன் எல்லாவற்றையும். அவர் பேன்ட் மாட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போய், லேப் ஆளிடம் கேட்டு இரண்டு குட்டி பாட்டிலும் ஒரு சுருள் பேப்பரும் வாங்கிவந்தார். டம்ளரில் தொட்டித் தண்ணீரை மொண்டு, ஒன்றிலிருந்து சொட்டுவிட்டு, ஒரு சிட்டிகைப் பொடி போட்டார்.

"உப்பு இருந்தா ஒயின் கலருக்குத் திரும்பும்," என்றார். "இல்லன்னா நீலம்."

போட்டதும் நீலமாக நின்றது. அப்படி ஒரு சுத்தமான நீலம். பாக்கியராஜின் முகம் மலர்ந்துபோயிற்று. இத்தனை வருஷ சர்வீசில் இப்படி ஒரு நீலத்தைப் பார்க்க அவர் எத்தனை ஷிப்ட் தவம் கிடந்திருப்பார்!

"ஜீரோ! அடியே, அப்படியே ஜீரோ! நம்ம சாஃப்ட்னர்லகூட இப்டி வராது. பாய்லருக்கு இத்தவிட நல்ல தண்ணி..."

"யோவ்," என்றாள் ஏஞ்சலின். "இது பாய்லராய்யா?"

அவர் பேப்பர் சுருளில் ஒரு துண்டு கிழித்து நனைத்தார். அது மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறத்துக்குப் போனது. இப்போது அவர் முகம் சுருங்கியது.

"பிஹெச் வுழுந்துடுச்சு, தண்ணி புளிச்சுடுச்சு. இந்தத் தண்ணிய பாய்லருக்கு வுட்டாக்கூட குழாய அரிச்சிடும்."

"பாய்லருக்கும் ஆவாது, மீனுக்கும் ஆவாதுன்னா அப்ப எதுக்குத்தான் ஆவும்?"

"மீனு கழியறது, மிச்ச தீனி, எல்லாம் அழுகி ஆசிட்டா மாறிக்கினே இருக்கும். தண்ணியில கொஞ்சம் உப்பு, அடியில கிளிஞ்சலுன்னு இருந்தா அது அந்த ஆசிட்ட தின்னுடும். நீ எலுமிச்சம்பழம் புழிஞ்சப்போ நுரைச்சுது இல்ல? அது அழுக்கு இல்லடி. கிளிஞ்சல் புளிப்ப தின்னுச்சு. நீ அத்தயும் எடுத்துட்ட, உப்பையும் எடுத்துட்ட. தண்ணி வெறுங்கையா நிக்குது."

"இத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா? ஜீரோ இருக்கணும்னியே!"

"எதுக்குன்னு நீ சொன்னியா?"

"நீ கேட்டியா?"

பாக்கியராஜ் குரலைத் தாழ்த்தி, "பஜார்ல மீன் கடை கீது. எல்லாம் கறுப்புதான. செத்துடுச்சுன்னா புதுசா வாங்கி வுட்டுடலாம், அவருக்கு இன்னா தெரியும்?" என்றார்.

ஏஞ்சலினுக்கு இது பிடித்துவிட்டது. செருப்பு மாட்டி, பையை எடுத்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் போய்விட்டாள். அங்கே நின்றபோதுதான் கிழிந்த வால் ஞாபகம் வந்தது. கடையில் போய் என்னவென்று கேட்பது? வால் கிழிந்த மீனாகப் பார்த்துக் கொடுங்கள் என்றா? இல்லை, நல்ல மீனாக வாங்கிவந்து வீட்டில் கத்தரிக்கோலால் வெட்டுவதா? தன் தொழுவத்து மாட்டை மந்தையில் அடையாளம் பார்க்கிற மனுஷன், தன் தொட்டி மீனைக் கண்டுபிடிக்கமாட்டாரா?

"பொய் சொல்றதுக்கும் கொஞ்சம் புத்தி வேணும்டி ஏஞ்சலின்," என்று அவள் ரோட்டிலேயே வாய்விட்டுச் சொன்னாள். "உனக்கு அதுவும் இல்ல."

திரும்பி வந்து இளமதிக்குப் போன் போட்டாள்.

"சொல்லுங்க அத்த," என்றாள் இளமதி. பின்னால் பாத்திரச் சத்தம், பெண்கள் சிரிப்பு.

"மதி, நீ தனியா கீறியா?"

"சொல்லுங்க அத்த."

"நீ திட்டறதுன்னா அப்பறம் திட்டு, மொதல்ல கேளு. நான் உன் மீனுங்கள சாவடிச்சுக்கினு இருக்கேன். ஒண்ணு செத்துடுச்சு. அந்தப் பெரிசு சாஞ்சு கெடக்குது. நீ தொடாதன்ன. தொட்டேன். சும்மா தொடல, தொட்டிய கழுவி, கிளிஞ்சல எடுத்து, கேன் தண்ணி ஊத்தி, அதுங்க துடிக்கிறத டான்சுன்னு சர்ச்சுல எல்லாருக்கும் காட்டிட்டேன். உன் மாமனாரு ஜீரோ ஜீரோன்னு சந்தோஷப்படுறாரு. உங்க நைனா ஞாயித்துக்கெழம வந்தாருன்னா நான் எங்க மூஞ்சிய வெச்சுக்குவேன்? எங்க ஊட்டு தண்ணி கேவலமா தெரியக்கூடாதுன்னு பண்ணேன் மதி. நான் ஒரு முட்டாளு."

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது. சிரிப்பும் நின்றிருந்தது.

"அத்த," என்றாள் இளமதி மெதுவாக. "ரெண்டு கையிலயும் மருதாணி. போனு ஸ்பீக்கர்ல கீது."

ஏஞ்சலினுக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. பிளக்கவில்லை. போனை வைத்துவிடலாம் என்று விரலைக் கொண்டுபோகும்போது ஒரு ஆண் குரல் வந்தது. கட்டையான குரல், யாருக்கோ வயலில் மடை திறக்கச் சொல்கிற மாதிரி.

"கிழிஞ்ச வாலு உசுரோட கீதாம்மா?"

"கீ... கீதுங்க. மூச்சு வாங்குது."

"போர் தண்ணி இப்பவே முழுசா ஊத்திடாத. அதுவும் தாங்காது. ஒரு மக்கு தண்ணிய எடுத்துட்டு ஒரு மக்கு ஊத்து. கொஞ்ச நேரம் வுடு. அப்பறம் இன்னொரு மக்கு. சாயங்காலம் வரைக்கும் பண்ணு, நாளைக்கும் பண்ணு. கிளிஞ்சல் எங்க?"

"மணிபிளாண்ட்ல..." என்று ஆரம்பித்து, "இதோ, இங்கயேதான் கீதுங்க" என்று முடித்தாள்.

"கழுவி உள்ள போடு. எலுமிச்சம்பழம் போடாத."

போன் வைக்கப்பட்டது. ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வராத, போன் எடுக்காத, பால் கேனில்கூட ஒரு சேதி வைக்காத மனுஷன் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது.

கிளிஞ்சலை வசூல் செய்யக் கிளம்பினாள். மணிபிளாண்ட் பங்கு சுலபமாக வந்தது. மெர்சியின் பங்கு துளசித் தொட்டியில் மண்ணுக்குள் போயிருந்தது.

"இன்னாக்கா, குடுத்தத திருப்பிக் கேக்கற? அழுக்குன்னியே!"

"நான்தான் அழுக்கு. தோண்டு."

"அப்ப அந்த டான்சு?"

"சாவு மெர்சி அது. நீ நடுக்கம்னு சரியாத்தான் சொன்ன. நான்தான் ஏசி ரூமுன்னேன். சிரிச்சுக்கோ, சிரிச்சு முடிச்சிட்டுத் தோண்டு."

மெர்சி சிரித்தபடியே ஸ்பூனால் தோண்டினாள்.

பிறகுதான் நிஜமான பேஜாரு ஆரம்பித்தது. ஏஞ்சலின் வாளி மனுஷி. வாசல் கழுவினால் வாளி, துணி அலசினால் வாளி, திட்டினால்கூட ஒரே வாளியாகக் கொட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறவள். அவளைப் பிடித்து, ஒரு மக்கு ஊற்று, சும்மா உட்கார், மறுபடி ஒரு மக்கு ஊற்று என்றால்? அவள் உட்கார்ந்தாள், எழுந்தாள். அடுப்பில் பருப்பைப் பார்த்தாள், அது வேகவில்லை. தொட்டியைப் பார்த்தாள், மீன் எழவில்லை. ஒரு தடவை கை தானாக வாளியைத் தூக்கிவிட்டது. பாக்கியராஜ் ஓடிவந்து பிடுங்கினார்.

"இவ்ளோ பொறுமையா நீ என்கிட்டகூட இருந்தது இல்ல," என்றார்.

"உனக்கு வாலு கிழிஞ்சிருந்தா இருந்திருப்பேன்."

வெள்ளிக்கிழமை பேப்பர் பச்சைப் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்தது. சனிக்கிழமை டம்ளர் தண்ணீர் ஒயின் கலருக்குத் திரும்பியது. வாழ்நாளில் முதல் தடவையாக பாக்கியராஜ் அந்த நிறத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். கிழிந்த வால் எழுந்து நின்றது. ஆடவில்லை. சும்மா, ஒரு மீன் நிற்பது போல நின்றது. ஏஞ்சலின் அதை வீடியோ எடுக்கவில்லை. கண்ணாடியில் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு விழ ஆரம்பித்திருந்ததையும் துடைக்கவில்லை. டப்பாவில் இருந்த எலுமிச்சம்பழத் தோலைப் பார்வையில் படாத இடமாகப் பார்த்து வைத்தாள். கை மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஞாயிறு காலை சர்ச் முடிந்து வந்ததும் சிக்கன் வைத்தாள். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்புதான். அன்றைக்கு அந்த வாசனை ஹாலுக்கு வந்தால் தொட்டிக்கு முன்னால் தனக்கே முகம் இருக்காது என்று விட்டுவிட்டாள்.

ஆட்டோ வந்து நின்றது. முதலில் இளமதி இறங்கினாள், கை இரண்டும் சிவந்திருந்தது. பின்னால் சடையப்பன். வெள்ளை வேட்டி, ஒல்லி உடம்பு. அவர் கையில் அந்தப் பால் கேன்.

ஏஞ்சலின் கேனைப் பார்த்தாள். அனுப்பின பாத்திரத்தோடு வந்திருக்கிறார். மிச்சம் இருப்பதை மொண்டுகொண்டு போகத்தான். போகட்டும், வேறென்ன செய்வார்? தன் பெண்ணைக் கொடுத்த வீட்டில் மீனே பிழைக்கவில்லை என்றால் எந்த அப்பனுக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

"வாங்கண்ணே, உக்காருங்க," என்றாள்.

"இருக்கட்டும்மா. நின்னுட்டுப் போறேன். வயல்ல ஆளு நிக்குது."

அவர் உட்காரவில்லை. ஹாலில் நின்றபடியே சுற்றிப் பார்த்தார். தொட்டிக்கு முன்னால் போய்க் குனிந்தார். நேராக வெள்ளைக் கோட்டைப் பார்த்தார். விரலை நீட்டி அந்தக் கோட்டைத் தடவினார்.

"எங்க தொட்டியிலகூட இப்டித்தான் ஏறும்," என்றார். "எங்க ஊட்டம்மாகூட தேய்ச்சிக்கினே இருப்பா."

"தேய்ப்பாங்களா!" என்றாள் ஏஞ்சலின். கெங்கம்மாள் மேல் அவளுக்கு முதல் தடவையாக ஒரு பாசம் வந்தது.

குணா தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். கேன் தண்ணீர். சடையப்பன் டம்ளரை வாங்கி உள்ளே பார்த்தார்.

"இதுதானாம்மா அது? மீன ஆட வெச்சது?"

குணா தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டான். இளமதி மருதாணிக் கையால் வாயைப் பொத்தினாள். ஏஞ்சலின் சொன்னாள்: "ஆமாண்ணே. குடிங்க, ஒண்ணும் ஆவாது. நீங்க ஆடுனீங்கன்னா நான் வீடியோ எடுக்கறேன்."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். சடையப்பன் முகம் அப்படியே இருந்தது. பிறகு தோள் குலுங்கியது. அந்தக் கட்டைக் குரலுக்குள்ளிருந்து சிரிப்பு தண்டவாளத்தில் கூட்ஸ் வண்டி நகர்கிற மாதிரி ஒவ்வொரு பெட்டியாக வந்தது. ஒரே மூச்சில் டம்ளரைக் காலி செய்தார்.

"ருசியே இல்ல," என்றார்.

பால் கேனைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்து மூடியைத் திறந்தார். ஏஞ்சலின் வலைக்கரண்டி எடுத்துக் கொடுக்கலாமா என்று பார்த்தாள். கொடுக்க மனசு வரவில்லை. எட்டிப் பார்த்தாள். கேன் காலியாக இல்லை. உள்ளே இரண்டு கறுப்பு மோலி ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன.

"ஒண்ணு செத்துதுன்னியே," என்றார் சடையப்பன். "ஒத்தையா வுட்டா சண்ட போடும், அதான் ரெண்டா எடுத்தாந்தேன். உடனே கொட்டாத. எங்க தண்ணி வேற, உங்க தண்ணி வேற. உங்க தொட்டி தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா இந்தக் கேன்ல ஊத்தி, பழக்கி, அப்பறம் வுடு."

"நீங்க போறீங்களேண்ணே. நான் தனியா பண்ணா மறுபடி எத்தயாவது பண்ணி வெப்பேன். என் கைய நம்பி வுட்டுட்டுப் போறீங்களா?"

அவர் அவள் கையைப் பார்த்தார். கேனைப் பார்த்தார். நியாயம் என்று பட்டிருக்க வேண்டும். வேட்டியை மடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சரி, ஊத்து. நான் பாக்கறேன்."

ஏஞ்சலின் உள்ளே போனாள். பாத்ரூமில் மக்கு இருந்தது. எடுக்கவில்லை. சமையலறையில் டம்ளர் இருந்தது. அதையும் எடுக்கவில்லை. குழம்புக் கரண்டி பெரிதாகத் தெரிந்தது. ஊறுகாய் ஸ்பூனைக் கழுவிக்கொண்டு வந்து தொட்டியருகே முட்டி போட்டாள். ஒரு ஸ்பூன் மொண்டாள். கேனில் விட்டாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

சடையப்பன் ஸ்பூனைப் பார்த்தார், கேனைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"இப்டி ஊத்துனா சாயங்காலம் ஆவுமே."

"அவசரப்பட்டா ஆவுமாண்ணே? போன தடவ அவசரப்பட்டுத்தான இந்த கதி," என்றாள் ஏஞ்சலின், அடுத்த ஸ்பூனை எடுக்கும் எண்ணமே இல்லாமல். "யோவ், சிக்கன எறக்கி வெச்சிட்டு அண்ணனுக்கு எல போடு."